கேட்காமலே பதில் சொல்லும் மூளை

என் மாமா ஓசூரில் ஒரு பவர் பிரஸ் ஷாப்பில் 14 வருஷம் வேலை பார்த்தவர். ஊர் பாரூர். வாரம் முழுக்க ஓசூரில் ரூம், சனிக்கிழமை ராத்திரி ஷிப்ட் முடிந்ததும் பைக்கை எடுத்தால் நேராக வீடு. சின்ன வயதில் ஒரு தடவை அவருடைய ஷாப்புக்குப் போயிருக்கிறேன். உள்ளே பத்து நிமிஷம் நின்றதற்கே வெளியே வந்து அரை மணி நேரம் காது ‘ஙொய்ய்’ என்றது. "எப்படி மாமா இந்தச் சத்தத்துல இருக்கறீங்க?" என்று கேட்டேன்.

"சத்தமா? அது கேக்கவே கேக்காது மாப்ள. மாறினாத்தான் கேக்கும்" என்றார்.

டை லேசாகத் தளர்ந்தால், தகடு ஒரு நூல் நகர்ந்து உட்கார்ந்தால், அந்த ஒரு ஸ்ட்ரோக்கின் சத்தம் மட்டும் வேறு மாதிரி வருமாம். அது வந்த உடனே கை தானாக நின்றுவிடும். ஏன் நின்றது என்று அவருக்கே அப்புறம்தான் தெரியும். அந்த வரிசையில் பத்து விரலும் முழுசாக இருக்கிற சிலரில் அவரும் ஒருவர்.

இதை எல்லாரும் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். எங்கள் தாத்தா களத்துமேட்டில் கட்டில் போட்டுத் தூங்குவார், பக்கத்தில் பம்ப்செட் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். அது ஓடும்வரை குறட்டை. கிணற்றில் தண்ணீர் இறங்கி மோட்டார் காற்றை இழுக்க ஆரம்பித்த மறு நொடி எழுந்து உட்கார்ந்துவிடுவார். கரண்ட் போய் ஃபேன் நின்றால் நாம் விழித்துக்கொள்வதும் கொஞ்சம் இந்தக் கதைதான் (வியர்வைக்கும் பங்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன்).

இந்தப் பழைய கதையை இப்போது எழுதக் காரணம், அதே மாமா சூளகிரி பக்கம் ஒரு சனிக்கிழமை ராத்திரி லாரியில் மோதி 17 நாள் கண் திறக்காமல் கிடந்தார். அந்த 17 நாளும் வீட்டில் எல்லாருக்கும் இருந்தது ஒரே கேள்வி. நாம பேசறது அவருக்குக் கேக்குதா?

நான் பயோமெடிக்கல் மூன்றாம் வருஷம். இந்தக் கேள்விக்கு முழுசாக இல்லாவிட்டாலும் ஓரளவு பதில் சொல்லக்கூடிய ஒரு சோதனை உண்டு என்பதும், அதற்கு வேண்டியது ஒரு இ.இ.ஜி. மெஷின், ஒரு ஹெட்போன், கொஞ்சம் பொறுமை மட்டும்தான் என்பதும் அந்த சமயத்தில் எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அங்கே அதை யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியவில்லை.

சரி, முதலில் சோதனை என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

ஒருவரின் காதில் ‘டிங் டிங் டிங் டிங்’ என்று ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறோம். நடுநடுவே, முன்கூட்டி ஊகிக்க முடியாதபடி, ‘டொங்’ என்று ஒன்று. நூற்றுக்குப் பத்தோ இருபதோ இருக்கலாம். தலையில் ஒட்டிய எலக்ட்ரோடுகள் மூளையின் மின் அசைவைப் பதிவு செய்கின்றன. டிங்குக்கு வந்த அலையையும் டொங்குக்கு வந்த அலையையும் தனித்தனியாகச் சராசரி எடுத்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால், சத்தம் மாறி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்குக்குள் ஒரு சின்னப் பள்ளம் தெரியும். 1978-ல் ஃபின்லாந்துக்காரர் ரிஸ்டோ நாட்டனனும் அவருடைய சகாக்களும் இதை எழுதினார்கள். பெயர் மிஸ்மேட்ச் நெகடிவிட்டி, சுருக்கமாக எம்.எம்.என்.

இதில் அதிசயம் என்னவென்றால், அந்த ஆள் கவனிக்கவே வேண்டாம். புத்தகம் படிக்கலாம், சத்தமில்லாமல் படம் பார்க்கலாம். ‘டொங் வந்தால் பட்டனை அழுத்து’ என்றெல்லாம் யாரும் சொல்வதில்லை. மூளை தன்பாட்டுக்கு இதுவரை வந்ததை வைத்து ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. கணக்குத் தப்பினால் பதில் வருகிறது. மாமாவின் கை நின்றதே, அதற்கு முந்திய கணம் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். இன்னும் ஒன்று: வேகமாக வரும் சத்த வரிசையில் ஒன்றை விட்டுவிட்டால், அதாவது சத்தமே இல்லாத இடத்திலும், இந்தப் பதில் வருகிறது. வராத ஒன்றுக்கு மூளை பதில் சொல்கிறது என்றால் அது வரும் என்று காத்திருந்தது என்றுதானே பொருள்?

போன செமஸ்டரில் எங்கள் லேபில் இதைச் செய்து பார்த்தோம். பலியாடு, எங்கள் வகுப்பிலேயே அதிகம் தூங்கும் நண்பன். சத்தத்தை நிறுத்திவிட்டு வடிவேலு காமெடி ஓடவிட்டோம் (சத்தம் இல்லாமலே சிரித்தான், அதனால் பாதிப் பதிவு வீணாகப் போனது. முகத்தசை அசைந்தால் அதன் மின்சாரம் மூளையின் மின்சாரத்தை முழுங்கிவிடும்). முதல் நாள் எங்களுக்குக் கிடைத்தது அழகான, ஒழுங்கான, நொடிக்கு 50 தடவை ஏறி இறங்கும் ஒரு அலை. மூளையைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று குதித்தோம். மேடம் வந்து பார்த்து, "இது ட்யூப்லைட்" என்றார். லைட்டை அணைத்து, ஒயரை மாற்றி, எர்த் சரிபார்த்து, மூன்றாம் நாள்தான் பள்ளம் தெரிந்தது. பள்ளம் என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம். வெளியாள் பார்த்தால் கோடு கொஞ்சம் கோணலாக இருக்கிறது என்பார்.

ஏன் இவ்வளவு பாடு என்றால், மூளையின் சாதாரண இரைச்சலே பல பத்து மைக்ரோவோல்ட். நாம் தேடுவது இரண்டு மூன்று மைக்ரோவோல்ட். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு கிழவி ஒரே இடத்தில் உட்கார்ந்து சரியாக நிமிஷத்துக்கு ஒரு தடவை "வெத்தல" என்று முனகுகிறாள் என்று வையுங்கள். ஒரு தடவை ரெக்கார்டு செய்தால் கேட்காது. நூறு நிமிஷத்தை வெட்டி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால் மற்றவர்களின் கூச்சல் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு பத்தில் ஒரு பங்காகக் குறையும். கிழவியின் குரல் மட்டும் அப்படியே நிற்கும். நூறின் வர்க்கமூலம் பத்து, அவ்வளவுதான் கணக்கு.

இந்தக் கோணல் கோட்டை வைத்து என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள் என்று படித்தபோதுதான் எனக்குத் தூக்கம் போனது.

எங்கள் எல்லைப் பகுதிக்காரர்களுக்குப் பிடிக்கும் விஷயத்தை முதலில் சொல்கிறேன். 1997-ல் நாட்டனன் குழு நேச்சர் இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டது. எஸ்டோனிய மொழியில் ஒரு உயிரெழுத்து உண்டு, பக்கத்து மொழியான ஃபின்னிஷில் அது கிடையாது. இரண்டு மொழிக்காரர்களுக்கும் அந்தச் சத்தத்தை நடுவே நுழைத்துப் பார்த்தார்கள். எஸ்டோனியர்களின் மூளை அதற்குப் பெரிய பதில் சொன்னது, ஃபின்லாந்துக்காரர்களின் மூளை சின்னப் பதிலோடு நிறுத்திக்கொண்டது. தாய்மொழியில் ஒரு ஒலிக்கு இடம் இருந்தால்தான் மூளை அதை ‘இது வேற’ என்று நன்றாகப் பிரிக்கிறது.

இதைப் படித்ததும் எனக்கு என் ஓசூர் நண்பன் ஞாபகம் வந்தது. வீட்டில் கன்னடம், ஸ்கூலில் தமிழ். நான் கன்னடம் பேச முயன்றால் விழுந்து விழுந்து சிரிப்பான். கன்னடத்தில் காற்றுக்குச் சொல்லும் சொல்லையும் அம்மன் பெயரையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘காளி’தான். அவன் இரண்டையும் சொல்லிக் காட்டுவான், எனக்கு மூன்றில் ஒரு தடவை தப்பும். அவன் ழ-வில் தடுமாறும்போது நான் பழி வாங்குவேன். ஒரே பஸ்ஸில் மூன்று மொழி ஓடும் இந்தப் பகுதிப் பிள்ளைகளின் தலையில் ஹெட்போன் மாட்டிப் பார்த்தால் எவ்வளவு தெரியவரும்! யாராவது ப்ராஜெக்டாக எடுங்கள்.

தூங்கும் பச்சைக் குழந்தைக்குக்கூட இந்தப் பதில் வருகிறது என்று 1990-லேயே காட்டிவிட்டார்கள். காது கேளாத குழந்தைகள் விஷயத்தில் இது முக்கியம். நம் அரசு ஆஸ்பத்திரிகளில் குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க ‘பெரா’ எடுக்கிறார்கள். அது நல்ல சோதனை. சத்தம் காதிலிருந்து மூளைத்தண்டு வரை போய்ச் சேர்ந்ததா என்று சொல்லும். ஆனால் ‘பா’வும் ‘தா’வும் வேறு வேறு என்று அந்தக் குழந்தையின் மூளைக்குத் தெரிகிறதா என்பதைச் சொல்லாது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள்ளான குழந்தைகளுக்கு காக்ளியர் இம்ப்ளாண்ட் இலவசமாக வைக்கிறார்கள். வைத்த பிறகு மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி. அந்த மாதங்களில் குழந்தை வாய் திறக்காதபோது, உள்ளே பிரித்துக் கேட்க ஆரம்பித்துவிட்டதா இல்லையா என்று தெரிந்தால் அந்த அம்மாவுக்கு எவ்வளவு தெம்பு! வெளிநாட்டு ஆய்வுகளில் இம்ப்ளாண்ட் வைத்த குழந்தைகளிடம் எம்.எம்.என். பார்த்திருக்கிறார்கள்.

ஸ்கிசோஃப்ரீனியா உள்ளவர்களுக்கு இந்தப் பள்ளம் ஆழம் குறைந்திருப்பதை 1991 முதல் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். நல்ல உடம்புள்ளவருக்குக் கெட்டமின் என்கிற மயக்க மருந்தைச் சிறு அளவில் கொடுத்தாலும் அதேபோல் குறைகிறது. மூளையில் எந்த இடத்தில் கோளாறு என்று தேடுபவர்களுக்கு இது ஒரு துப்பு. ஆனால் ஒரு ஆளின் கோட்டைப் பார்த்து ‘உனக்கு இந்த நோய்’ என்று சொல்ல இது உதவாது. ஆயிரம் பேர் சராசரியில் தெரியும் வித்தியாசம் ஒரே ஆளிடம் தெரியவேண்டும் என்று கட்டாயம் இல்லை. இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

இனி மாமாவிடம் வருகிறேன்.

முதல் 48 மணி நேரம் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் போனது. 2021 டிசம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும் எங்கள் வீட்டில் யாரும் சொல்லமாட்டோம். அதற்குப் பிறகு மீட்டர் ஓட ஆரம்பித்தது. கொஞ்சம் காப்பீடு, மீதி கையிலிருந்து. எட்டாம் நாள் இரண்டு மாடு போனது. பத்தாம் நாள் மாந்தோப்பைக் குத்தகைக்கு விடுவதாகப் பேச்சு.

தினமும் டாக்டர் வந்து ஒரு எண் சொல்லுவார். "ஜி.சி.எஸ். அஞ்சு." மறுநாள் "அஞ்சுதான்." 1974-ல் கிளாஸ்கோவில் உருவான அளவுகோல் அது. 3 முதல் 15 வரை. கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, கை கால் அசைக்கிறாரா, இந்த மூன்றுக்கும் மதிப்பெண். உலகம் முழுக்க உபயோகத்தில் இருக்கிறது, அதில் குற்றம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், மூன்றுமே வெளியே வருவதை அளக்கின்றன. உள்ளே போவதை அளப்பது ஒன்றும் இல்லை. தொண்டையில் ட்யூப் போட்டிருக்கும் ஆள் எப்படிப் பேசுவார்?

அத்தை தினம் இரண்டு வேளை ஐந்து ஐந்து நிமிஷம் உள்ளே போய் மாமாவின் காதருகில் பேசுவார். சின்னவளுக்குக் காய்ச்சல், தோப்பில் காய் உதிர்கிறது, உங்க ஷாப்பில் இருந்து ரெண்டு பேர் வந்தாங்க. வெளியே வந்து என்னிடம் கேட்பார், "நீ இதத்தான படிக்கற கண்ணு, அவருக்குக் கேக்குதா?" டாக்டரிடம் கேட்டதற்கு, "கேக்குதோ இல்லையோ பேசிட்டே இருங்கம்மா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். பன்னிரண்டாம் நாள் வேறொரு ஜூனியர் டாக்டர் என் பெரியப்பாவைத் தனியே கூப்பிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னா சொல்லுங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

1993-ல் லான்செட் இதழில் வந்த ஒரு கட்டுரை, கோமாவில் இருப்பவரின் மூளையில் எம்.எம்.என். தெரிந்தால் அவர் கண் விழிக்க வாய்ப்பு அதிகம் என்றது. 1999-ல் பிரான்சின் லியோன் நகரில் கேத்தரின் ஃபிஷரின் குழு நூற்றுக்கும் மேற்பட்ட கோமா நோயாளிகளிடம் இதைப் பார்த்தது. பள்ளம் தெரிந்தவர்களில் சுமார் பத்தில் ஒன்பது பேர் விழித்துக்கொண்டார்கள். பள்ளம் தெரியாதவர்களிலும் நிறையப் பேர் விழித்துக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அதாவது இந்தச் சோதனை ‘இருக்கிறது’ என்றால் பெரும்பாலும் நம்பலாம். ‘இல்லை’ என்றால் அதற்கு மதிப்பே இல்லை.

கோமாவில் கெட்ட செய்தி சொல்லும் சோதனைகள் ஏற்கெனவே இருக்கின்றன. உதாரணமாக, மாரடைப்பில் இதயம் நின்று பிழைத்துக் கோமாவில் இருப்பவரின் மணிக்கட்டு நரம்பில் மின்துடிப்பு கொடுத்து அது மூளைப்புறணிக்கு இரண்டு பக்கமும் வந்து சேரவே இல்லை என்றால் பெரும்பாலும் நம்பிக்கை இல்லை என்கிறார்கள். நல்ல செய்தி சொல்லக்கூடிய சோதனைகள் குறைவு. அதில் இது ஒன்று.

2009-ல் பாரிஸில் தெஹான், நக்காஷ் முதலானவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ‘டிங் டிங் டிங் டிங் டொங்’ என்பதையே வரிசையாகத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பழக்கிவிடுவது. அப்புறம் திடீரென்று ‘டிங் டிங் டிங் டிங் டிங்’. இப்போது டொங் வராததுதான் ஆச்சரியம்! கடைசிச் சத்தம் மாறினால் வரும் பதில் நினைவில்லாமல் இருப்பவரிடமும் வரலாம். ஆனால் மொத்த வரிசையும் மாறியதற்கு வரும் பதில், ஆள் தன் நினைவோடு கவனித்தால்தான் கிட்டத்தட்ட வரும். காது வேலை செய்கிறதா என்பதிலிருந்து உள்ளே ஆள் இருக்கிறாரா என்ற கேள்விக்கு வந்துவிட்டார்கள்.

என் கருத்து இதுதான். பிரான்சில் ஐ.சி.யு. செலவை அநேகமாக முழுசாக அரசு காப்பீடே பார்த்துக்கொள்கிறது. அங்கே இந்தச் சோதனை டாக்டருக்கு ஒரு கூடுதல் தகவல். நம் ஊரில் சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை மாடும் தோப்பும் தீர்மானிக்கின்றன, அதுவும் பத்தாம் நாளிலேயே. விழிக்க வாய்ப்புள்ள ஆளையும் அந்த நாளில் தூக்கிக்கொண்டு போய்விடுகிறோம். அதனால் இந்தச் சோதனை பிரான்சைவிட நமக்குத்தான் அதிகம் தேவை. ‘பணக்கார நாட்டு ஆராய்ச்சி, நமக்கு எதுக்கு’ என்று சொல்லும் சீனியர்களோடு நான் ஒத்துப்போகாதது இந்த இடத்தில்தான்.

மறுப்பு எனக்கும் தெரியும். மயக்க மருந்து ஓடிக்கொண்டிருந்தால் அலை மங்கிவிடும். ஐ.சி.யு.வில் வென்டிலேட்டர், பம்ப், மானிட்டர் என்று எங்கள் ட்யூப்லைட்டுக்குப் பெரியண்ணன்கள் பத்துப் பேர். விபத்தில் காதே அடிபட்டிருக்கலாம், அதனால் முதலில் ‘பெரா’ எடுத்துப் பார்க்கவேண்டும். முக்கியமாக, விழிப்பது வேறு, எழுந்து நடப்பது வேறு. பள்ளம் தெரிந்தது என்று சொன்னால் மிச்சமுள்ள நிலத்தையும் விற்றுவிடுவார்கள், அப்புறம் படுத்த படுக்கையாகவே விழித்தால் என்ன செய்வது என்று என் மேடமே கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் இருட்டில் முடிவெடுப்பதைவிட மங்கலான வெளிச்சத்தில் எடுப்பது மேல் என்றுதான் தோன்றுகிறது. தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்று ஜனங்களிடம் சொல்லாமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

‘நம் நாட்டில் இதற்கெல்லாம் வசதி ஏது’ என்பது இன்னொரு மறுப்பு. இதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஏனென்றால் இதே குடும்பத்து அலை ஒன்றை நம் நாடு வேறொரு வேலைக்கு எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. அது நடந்ததும் எங்கள் ஊரிலிருந்து ரொம்ப தூரத்தில் அல்ல.

எம்.எம்.என்.னுக்கு ஒரு அண்ணன் உண்டு, பி300. 1965-ல் சாமுவேல் சட்டன் குழு சயின்ஸ் இதழில் எழுதியது. எதிர்பாராததோ, நமக்கு முக்கியமானதோ வந்து, அதை நாம் கவனித்தால், சுமார் 300 மில்லிசெகண்டில் ஒரு மேடு எழும்பும். கூட்டத்தில் நம் பெயர் காதில் விழுந்தால் திரும்புகிறோமே, அந்த மாதிரி. அமெரிக்காவில் லாரன்ஸ் ஃபார்வெல் இதை ‘மூளைக் கைரேகை’ என்றார். குற்றவாளிக்கு மட்டும் தெரிந்த ஒரு பொருளைக் காட்டினால் அவன் மூளையில் மேடு எழும்பும், மற்றவனுக்கு எழும்பாது என்பது வாதம்.

நம் ஊரில் இது ‘பிரெய்ன் மேப்பிங்’ என்ற பெயரில் வந்தது. 2000-களில் பேப்பர் படித்த எல்லாருக்கும் அந்தச் சொல் தெரியும். பெங்களூர் தடய அறிவியல் லேபில் செய்தார்கள். அது மடிவாளாவில் இருக்கிறது, ஓசூர் ரோட்டுப் பக்கம். நிம்ஹான்ஸ் முகவரியே ஓசூர் ரோடுதான். நிம்ஹான்ஸில் முன்பு பணியாற்றிய சி.ஆர். முகுந்தன், பி.இ.ஓ.எஸ். என்று சொந்தமாக ஒரு முறையை உருவாக்கினார். குற்றம் பற்றிய வாக்கியங்களை வாசித்துக் காட்டி, அதை அந்த ஆள் ‘அனுபவித்திருக்கிறாரா’ என்று மூளை அலையில் பார்ப்பதாகச் சொல்லும் முறை. 2008-ல் புனேயில் ஒரு கொலை வழக்கில் இளம்பெண் ஒருவருக்கு ஆயுள் தண்டனை விதித்த நீதிபதி இந்தச் சோதனையையும் ஆதாரமாக எடுத்துக்கொண்டார். உலகம் முழுக்கச் செய்தியானது. பிற்பாடு உயர்நீதிமன்றம் அவருக்கு ஜாமீன் கொடுத்தது. அதே 2008-ல் நிம்ஹான்ஸ் இயக்குநர் தலைமையிலான நிபுணர் குழு, இதற்கு அறிவியல் அடிப்படை போதாது, நிறுத்துங்கள் என்று சொன்னது.

மேலே ஒரு வரியை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அது இங்கேதான். சராசரியில் தெரிவதை ஒற்றை ஆளின் தலையில் சுமத்த முடியாது. அதோடு, மேடு எழும்பினால் ‘இது எனக்கு ஏதோ விதத்தில் முக்கியம்’ என்று மட்டும்தான் அர்த்தம். செய்தவனுக்கும் எழும்பும், பார்த்தவனுக்கும் எழும்பும், ஸ்டேஷனில் நாலு நாள் அதையே கேட்டுக் கேட்டு மிரண்டு போனவனுக்கும் எழும்பும்.

2010 மே 5-ம் தேதி உச்சநீதிமன்றம் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒருவரின் சம்மதமில்லாமல் நார்கோ, பாலிகிராஃப், பிரெய்ன் மேப்பிங் எதையும் செய்யக்கூடாது. தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக்கூடாது என்கிற அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவு மூளை அலைக்கும் பொருந்தும். வாய் பேசாவிட்டாலும் அதுவும் ஒரு வகைச் சாட்சியமே என்று நீதிபதிகள் பார்த்திருக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த தீர்ப்பு. ஆனாலும் சம்மதம் வாங்கிக்கொண்டு இது தொடர்கிறது. 2020-ல் ஹாத்ரஸ் வழக்கில் கைதானவர்களை சி.பி.ஐ. இதற்காகக் காந்திநகர் லேபுக்குக் கூட்டிப் போனது. சிறையில் இருப்பவனின் சம்மதம் எவ்வளவு சம்மதம் என்பது வேறு கதை.

ஆக, வாய் திறக்க மாட்டேன் என்பவனின் தலையில் எலக்ட்ரோடு ஒட்ட நமக்கு மெஷினும் ஆளும் பணமும் கிடைத்தது. வாய் திறக்க முடியாதவரின் தலையில் ஒட்ட எங்கள் ஆஸ்பத்திரியில் கிடைக்கவில்லை. முதல் வேலைக்கு அந்த அலை சரிப்படாது, இரண்டாவது வேலைக்கு ஓரளவு சரிப்படும். நாம் தலைகீழாகச் செய்திருக்கிறோம்.

என்ன செய்யலாம்? கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். ஓசூர் - கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை எந்நேரமும் லாரி ஓடும் ரோடு. தலையில் அடிபட்டவர்கள் வருவதற்குப் பஞ்சமே இல்லை. இ.இ.ஜி. தெரிந்த ஒரு டெக்னீஷியன், வாரத்தில் இரண்டு நாள், மயக்க மருந்து நிறுத்திய பிறகும் கண் திறக்காதவர்களுக்கு மட்டும். முடிவைப் படிக்க நிம்ஹான்ஸில் இருந்து போனில் ஒருவர் உதவினால் போதும், பக்கம்தானே. ஆரம்பத்தில் யாருடைய சிகிச்சையையும் இதை வைத்து மாற்றவேண்டாம். இரண்டு வருஷம் பதிவு செய்து வைத்து, யார் விழித்தார்கள், யார் விழிக்கவில்லை என்று ஒப்பிட்டுப் பார்க்கட்டும். லியோன் நோயாளிக்கும் சூளகிரி நோயாளிக்கும் வித்தியாசம் இருக்கலாம், முதலில் அது தெரியவேண்டும்.

மாமா 17-ம் நாள் கண் திறந்தார். தோப்பு குத்தகைக்குப் போய்விட்டது, ஆள் வந்தார். வலது கை இன்னும் சரியாக வரவில்லை, பிரஸ் வேலை முடியாது. பேச்சு மெதுவாக இருக்கிறது. பொங்கலுக்குப் போனபோது கேட்டேன், "அத்தை பேசினது கேட்டுச்சா மாமா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "ஒண்ணும் ஞாபகம் இல்ல மாப்ள."

அத்தை அடுப்படியில் இருந்து, "கேட்டுச்சு, எனக்குத் தெரியும்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஞாபகம் இல்லை என்பதும் கேட்கவில்லை என்பதும் ஒன்றல்ல என்று அவருக்கு நான் விளக்கியிருக்கலாம்தான், ஆனால் அவருக்கு அது தேவைப்படவில்லை.

வகுப்பு நண்பர்களுக்கு: கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு வழக்கம்போல லைன் ஃபாலோயர் ரோபோதான் செய்யப்போகிறோமா? குறைந்த செலவில், வென்டிலேட்டர் பக்கத்தில் வைத்தாலும் 50 ஹெர்ட்ஸ் நுழையாத ஒரு மூன்று எலக்ட்ரோடு பெருக்கி செய்யலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. மேடம் ‘பார்க்கலாம்’ என்றிருக்கிறார். இரண்டு பேர் வேண்டும். ஒருவருக்கு சர்க்யூட் தெரிந்தால் போதும். இன்னொருவர் வடிவேலுவைப் பார்த்துச் சிரிக்காதவராக இருக்கவேண்டும்.